வழக்காட வருவோர்க்கு வேண்டும் தகுதி

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஜவ்வாது மலையில் உள்ள புலியூர் என்னும் சிற்றூர் மேளதாளத்தோடும் மாலையோடும் ஓர் இளம்பெண்ணை எதிர்கொண்டு அழைத்தது. ஸ்ரீபதி என்னும் பெயருடைய அப்பெண்ணுக்கு அப்போது வயது 23. மலைவாழ் மக்களிடையே பிறந்து, ஏலகிரியில் பள்ளிக் கல்வி முடித்து, சட்டம் பயின்று, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதிப் பதவிக்கான தேர்வில் வென்றிருந்தார். மகப்பேறு முடிந்த ஓரிரு நாளிலேயே சென்னைக்குப் பயணம் செய்து அவர் தேர்வு எழுதினார் என்ற செய்தி நாளிதழ்களில் வந்தது, முதலமைச்சரும் வாழ்த்தினார். ஒரு பெண்ணின் உறுதியைப் போற்றும் செய்தியாகவே அதனைப் பலரும் படித்தனர். அதில் தவறில்லை. ஆயினும் அச்செய்திக்குள் வேறொரு கேள்வியும் உறங்கிக் கிடக்கிறது. பிறர்க்காக வழக்காடவும், பிறர் வழக்கைத் தீர்க்கவும் தகுதியுடையார் யார்? அத்தகுதியை எந்தக் கோலால் அளப்பது?

கேள்வி புதியதன்று. ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊடே ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அந்தக் கூடலுக்கு அண்மையில் இருக்கும் ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் அவ்வூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்த குடவோலை முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பானையில் ஓலை இட்டதைத்தான் பாடநூல்கள் பெரிதாகச் சொல்லும். யாருடைய பெயரை ஓலையில் எழுதலாகாது என்று அக்கல்வெட்டு சொல்லும் பகுதியே இங்குக் கருதத் தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகான்; அவனுடைய உறவினரும் ஆகார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் ஆகான். பெரும்பாதகம் செய்தவனும் அவனைச் சார்ந்தோரும் ஆகார். சிலவகைக் குற்றங்களுக்குக் கழுவாய் செய்து தூய்மை பெற்ற பின்னரும், உயிர் உள்ளளவும் அவன் பெயர் குடத்துள் விழக்கூடாது. இவற்றோடு, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், மறைநூற் பயிற்சியும் வேண்டும்.

அது பிராமணர் சபை. வயலில் உழைத்தவர்க்கு அதில் இடமில்லை. ஆயினும் அக்கல்வெட்டு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துகிறது. ஒழுக்கம் பார்க்கிறோம் என்று தொடங்கும் எந்த ஊரும் ஒழுக்கத்தோடு நிலத்தையும் உறவையும் குலத்தையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்துவிடுகிறது. ஒழுக்கம் எங்கே முடிகிறது, உடைமை எங்கே தொடங்குகிறது என்று பின்னர்ப் பிரித்தறிவது எளிதன்று.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வழக்கறிஞராகப் பதிவு பெறுவோர்க்குரிய குடியுரிமை, வயது, பட்டம், கட்டணம் ஆகியவற்றைக் கூறுகிறது. 1973இல் அதனோடு 24-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. யாரைப் பதிவு செய்தல் ஆகாது என்பதை அது கூறுகிறது. ஒழுக்கக் கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஆகார். தீண்டாமைக் குற்றத்துக்காக 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டவர் ஆகார். இதனை வழக்கறிஞர்களிலேயே பலர் நினைவில் வைத்திருப்பதில்லை. சாதியின் பெயரால் பிறரை ஒதுக்கியவன் நீதிமன்றத்தில் நின்று பேசும் தகுதியை இழக்கிறான் என்று நாடாளுமன்றம் எழுதி வைத்திருப்பது சிறிய செய்தி அன்று. ஒழுக்கக் கேடு காரணமாக அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவரும் பின்னர் இப்பட்டியலில் சேர்ந்தார்.

ஆனால் உத்திரமேரூர்ச் சபையாரைப் போல் இச்சட்டம் உயிர் உள்ளளவும் கதவைச் சாத்தவில்லை. தண்டனை முடிந்து வெளிவந்து, அல்லது பணியிலிருந்து நீக்கப்பட்டு, இரண்டாண்டுகள் கழிந்தால் தடை நீங்கிவிடுகிறது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்க்குத் தடையே இல்லை. இரண்டாண்டு போதுமா என்று உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்ததுண்டு. எனினும் சட்டத்தின் சொல் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. அது தீர்ப்பைப் பார்க்கிறது, குற்றச்சாட்டைப் பார்க்கவில்லை.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறை வேறு திசையில் நகர்ந்து வந்துள்ளது. 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், கடுமையான குற்ற வழக்கு நிலுவையில் உள்ள சட்டப் பட்டதாரிகளைப் பதிவு செய்யலாகாது என ஆணையிட்டார். 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் சட்டக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. முதல் தகவல் அறிக்கை, நிலுவை வழக்கு, தண்டனை ஆகியவற்றையும், வழக்கிலிருந்து விடுதலை பெற்றதையுங்கூட மாணவர் அறிவிக்க வேண்டும்; அதன் பின்னரே இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் வழங்கப்பட வேண்டும் என்று அது கூறியது. குற்றமற்றவன் என்று நீதிமன்றம் சொன்னதையும் ஒரு குறையைப் போல் எழுதித் தரவேண்டிய நிலை வந்தது.

இந்தக் கவலை வெறும் கற்பனையில் பிறந்ததன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கறுப்பு அங்கியைக் கேடயமாக்கிக்கொண்டு நிலம் பறிப்போரையும், பணம் கொடுத்துப் பட்டம் வாங்கி வந்தோரையும் தமிழகம் கண்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் நகரில் 1971இல் வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்திலேயே எதிரியைக் கத்தியால் குத்தினார். கொலை முயற்சிக்காகத் தண்டனை பெற்ற அவர், ஆளுநர் பெயரில் வந்த ஒரு போலிக் கடிதத்தின் துணையால் சிறை செல்லாமல் இருந்தார். அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் நடந்ததற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 26 ஆண்டுகள்! இத்தகையோரிடம் முதலில் அகப்படுவோர் எழுத்தறியாத ஏழைகளே. அறியாத மொழியில் எழுதிய வக்காலத்தில் கைநாட்டு வைக்கும் மலைவாசிக்கு, தனக்காகப் பேச வருபவன் யோக்கியனா என்று தெரிந்துகொள்ள வேறு வழியே கிடையாது. ஆகவே ஒழுக்கச் சோதனை வேண்டாம் என்பது பொருந்தாத வாதம். சோதனை யாரைத் தடுக்கிறது என்பதே கேள்வி.

ஜவ்வாது மலைக்கே திரும்புவோம். இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களுக்கு உறவில்லை, மலையை ஆள்வோர் என்பதே சொல்லின் பொருள், பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து தம் முன்னோர் வந்ததாகச் சொல்லும் மரபும் இவர்களிடம் உண்டு. சாமையும் தேனும் புளியும் மலையின் வருவாய். அது போதாதபோது ஆடவர் கூலி தேடிக் கீழே இறங்குவர். இடைத்தரகர்கள் காட்டும் ஆசைக்குட்பட்டு ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டச் சென்றோரும், வேறு வேலைக்கென்று புறப்பட்டு வழியிலேயே பிடிபட்டதாகச் சொல்வோரும் இவர்களிடையே உள்ளனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழகத் தொழிலாளரே. ஜவ்வாது மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தோர் அவர்களுள் பலர். அதற்கு முன்னும் பின்னும் ஆந்திரச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த மலைவாசிகள் மிகப் பலர்.

இத்தகைய ஊரில் கல்லூரி விடுமுறையின்போது மாமனோடு கூலிக்குச் சென்ற ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். பேருந்தில் இருந்தவர் அனைவர் மீதும் ஒரே வழக்கு. அவன் பெயரும் அதில் ஒன்று. சாட்சிகள் வாரார், வாய்தாக்கள் நீளும். உண்மையிலேயே மரம் வெட்டித் தண்டனை பெற்றவன், தண்டனை முடிந்து இரண்டாண்டில் சட்டத்தின் கண்ணில் தகுதி பெறுகிறான். எதுவும் செய்யாதவனோ, வழக்கு முடியாத காரணத்தால் பத்தாண்டும் காத்திருக்க நேரும். குற்றத்தை ஒப்புக்கொள்வதே விரைவான வழி என்று ஒரு முறை அமையுமானால், அந்த முறை ஒழுக்கத்தை வளர்க்கிறதா, பொய்யை வளர்க்கிறதா?

ஒப்புக்கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. அரியானாவில் கீழ்நிலை அரசு ஊழியர் ஒருவர் பொது இடத்தில் அநாகரிகமாக நடந்ததாகக் கூறிய வழக்கில் 20 ரூபாய் அபராதம் கட்டினார். அதனால் வேலையை இழந்தார். பவன்குமார் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், எல்லாக் குற்றமும் ஒழுக்கக் கேடாகாது என்றது. இயல்பிலேயே இழிந்த, கீழ்மையான நடத்தையையே அச்சொல் குறிக்கும் என்று விளக்கியது. ஏழைகள் வழக்கை இழுத்தடிக்க இயலாமல் சிறு அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புவதை நீதிபதிகள் அறிந்திருந்தனர். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அபராதம் கட்டிப் பழகிய மலைவாசிக்கு இத்தீர்ப்பு நெருங்கிய உறவு. ஒழுக்கக் கேடு எது என்று வழக்கறிஞர்கள் சட்டம் வரையறுக்கவில்லை. விண்ணப்பத்தைப் பார்ப்பவரின் மனமே வரையறை.

குற்றச்சாட்டை ஒழுக்கத்தின் உரைகல்லாகக் கொள்வதன் கொடுமையை, ஜவ்வாது மலைக்குத் தெற்கே சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி காட்டுகிறது. அங்கு வாழ்வோரும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்; 90 பெண்களும் 28 குழந்தைகளும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அன்றைய ஆவணத்தின்படி சந்தனம் கடத்தியோர் ஊரார். சட்டத்தைக் காத்தோர் அதிகாரிகள். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 அலுவலர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும், வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5 என அனைவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

1992இல் சிறை சென்ற சிறுமி ஒருத்தி 10 ஆண்டு கழித்துச் சட்டம் படித்து வந்திருந்தால், நிலுவை வழக்கு உண்டா என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பாள்? அவளுக்கு நன்னடத்தைச் சான்று தரவேண்டிய காவல் நிலையம் எது? சிலப்பதிகாரத்தைப் பயின்ற அவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயாமல் ஏற்றான், கோவலன் வெட்டுண்டான். பழி சொன்னவனே கள்வன் என்பது பின்னர்த் தெரிந்தது. கண்ணகி அரசவையில் வழக்காடியபோது அவளிடம் எவரும் நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

தண்டனை பெற்றவனே ஒழுக்கமற்றவன் என்ற முடிவும் எப்போதும் நிற்பதில்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1908இல் அரசவெறுப்புக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், சிறையில் செக்கிழுத்தார், 1912 டிசம்பரில் விடுதலையானபோது வழக்காடும் சன்னது அவரிடம் இல்லை. கப்பல் ஓட்டியவர் பிழைப்புக்கு வழியின்றித் திண்டாடினார். பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது மீண்டும் கிடைத்தது. கோவிற்பட்டியில் வழக்காடிய வ.உ.சி., அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அயல் ஆட்சியின் தண்டனைக்கும் ஒரு மனிதனின் ஒழுக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அந்த ஆங்கிலேயர் ஒருவராவது கண்டார் என்பது ஆறுதல் தருகிறது.

காந்தியடிகள் 1894இல் நேட்டாலில் பதிவு கேட்டபோது அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. சான்றிதழில் குறை கண்டதாகச் சொன்னார்கள். தோலின் நிறமே குறை என்பதை ஊரறியும். நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1922இல் அவர் தண்டிக்கப்பட்டபின் இலண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. மீண்டும் சேர்த்தது 1988இல். அவர் மறைந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமெரிக்காவில் இச்சோதனை இன்னும் விரிவானது. அங்கு விண்ணப்பதாரரின் பழைய வாழ்க்கை முழுவதையும் கிளறிப் பார்ப்பர். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ருடால்ஃப் ஷ்வேர் என்பவர் சட்டம் முடித்துத் தேர்வெழுத அனுமதி கேட்டார். இளமையில் வேறு பெயர் வைத்துக்கொண்டவர். தொழிலாளர் போராட்டத்தில் கைதானவர். சிலகாலம் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். ஆகார் என்றது குழு. யூதர் என்பதால் வேலை மறுக்கப்படும் என்று அஞ்சியே அவர் பெயரை மாற்றினார் என்பதையும், ஆசிரியரும் உடன் பயின்றோரும் அவருடைய நேர்மைக்குச் சான்று பகர்ந்ததையும் 1957இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. ஒருவர் கைதானார் என்பது மட்டும் அவர் குற்றம் செய்தார் என்பதற்குச் சான்றாகாது என்று கூறிக் குழுவின் முடிவை மாற்றியது. அங்கே விசாரணை நடந்தது, அதுதான் வேறுபாடு. ஆளை அழைத்து, கேட்டு, அறிந்தோரை உசாவித் தெளிந்தார்கள். தெரிந்து தெளிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருப்பது இத்தகைய தேர்வு பற்றித்தான். காவல் நிலையப் பதிவேட்டின் ஒரு வரியைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்துவது தெரிதலும் அன்று, தெளிதலும் அன்று.

பெண் என்பதே தகுதிக் குறைவாக இருந்த காலமும் இருந்தது. 1916இல் ரெஜினா குகா என்னும் பட்டதாரியைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் பெண் என்ற காரணத்தால் ஏற்க மறுத்தது. 1923இல் தனிச்சட்டம் வந்த பின்னரே அத்தடை அகன்றது. பச்சிளம் குழந்தையைப் பெற்ற கையோடு தேர்வெழுதிய புலியூர்ப் பெண்ணுக்கும் ரெஜினா குகாவுக்கும் இடையே சற்றேறக்குறைய 107 ஆண்டுகள்.

உடைமைத் தடையும் எளிதில் அகலவில்லை. பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாய் என்று சட்டம் வரையறுத்திருக்க, மாநில பார் கவுன்சில்கள் பல்வேறு பெயர்களில் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை பெற்று வந்தன. சட்டத்தைக் காக்க வருவோரிடம் சட்டத்தை மீறி வாங்கிய பணம் அது. ஒழுக்கச் சோதனையை யார் யாருக்கு நடத்துவது என்ற ஐயம் எழுவது இயல்பே. 2024 ஜூலை 30ஆம் நாள் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்ன தொகைக்கு மேல் வாங்கலாகாது என்றது. உத்திரமேரூரின் கால் வேலி நிலம் அன்றுதான் சற்றுத் தளர்ந்தது எனலாம். எனினும் 125 ரூபாய்ச் சலுகைக்குச் சாதிச் சான்று வேண்டும். மலையாளி என்ற பெயர் குறிப்பிட்ட சில மாவட்டங்களில் மட்டுமே பழங்குடிப் பட்டியலில் உள்ளது. ஜவ்வாது மலை பழைய வடஆர்க்காட்டில் அடங்கியதால் இங்குள்ளோர் தப்பினர். ஈரோட்டு மலைகளில் வாழும் அதே பெயரினர்க்கு அந்த வாய்ப்பு எட்டவில்லை.

கடைசியாக ஒன்று. 2025 மே 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பிப்போர் மூன்றாண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்ற அனுபவம் இல்லாதவர் நீதி வழங்க அமர்வது தகாது என்ற கருத்தில் நியாயம் உண்டு. பதிவு பெற்ற நாளிலிருந்தே அந்த மூன்றாண்டு எண்ணப்படும். பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரோ நீதித்துறை அலுவலரோ சான்றளிக்க வேண்டும். ஸ்ரீபதி இத்தீர்ப்புக்கு முன் தேர்வெழுதியவர். சட்டக் கல்லூரியிலிருந்து நேராக வந்தார். அவர் ஊரிலிருந்து அடுத்து வரும் பெண்ணோ பையனோ முதலில் பார் கவுன்சிலின் வாயிலைக் கடந்து, போளூரிலோ திருப்பத்தூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு மூத்த வழக்கறிஞரிடம் வருவாய் குறைந்த மூன்றாண்டுகளைக் கழிக்க வேண்டும். அந்த வாயிலில் நீட்டப்படும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: தங்கள் மீது வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? ஆம் என்று எழுதினால் வாயில் அடைபடுமோ என்ற அச்சம். இல்லை என்று எழுதினால் மறைத்த குற்றத்துக்காகப் பின்னொரு நாள் பெயரையே நீக்கலாம். அந்தக் கட்டத்துக்கு அருகில், அந்த வழக்கு எப்படி வந்தது என்று நான்கு வரி எழுத இடம் விட வேண்டும். எழுதியதைப் படித்து விசாரிக்க ஒருவர் இருக்க வேண்டும். ஜவ்வாது மலைக்காரர் கேட்கக் கூடியது இவ்வளவே.